கம்பெனி போனாலும் கார் ஓட வேண்டும்

நான் வைத்திருந்த கார்கள் மூன்று. நடுவில் வந்த மாருதி 800-ஐத் தவிர மற்ற இரண்டும் நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே பிறந்தவை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பெருங்களத்தூர் வண்டலூர் பக்கத்துத் தயாரிப்பு. ஃபோர்டு ஐகான், எங்கள் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அடுத்த மறைமலை நகரில் செய்தது.

ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக முழுசாகச் சாயும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் கை வைப்பார். 1980-களின் கடைசியில் ஸ்டாண்டர்டு கம்பெனி மூடிய பிறகும், புதுப்பேட்டையில் தேடியும் லேத்தில் கடைந்தும் பாகம் போட்டு ஓட்ட வைத்தார் எங்கள் ஊர் மெக்கானிக்.

இன்றைய காரில் கோளாறு என்னவென்று சொல்லவே கம்ப்யூட்டர் வேண்டும். ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடரும் என்றும் சொன்னார்கள், நல்லது. ஆனால் அது கம்பெனியின் மனசைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ஒரு குழு அமைத்தது. கார்களும் அதில் அடக்கம். குழுவோடு நிற்காமல் சட்டமாக வர வேண்டும். கம்பெனி இருந்தாலும் போனாலும், இத்தனை வருஷத்துக்குப் பாகங்களும் பழுது விவரங்களும் தெருமுனை மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். பென்ஷன் பணத்தில் இன்னொரு கார் வாங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?