சரித்திரத்திற்கு வேலி எதற்கு?

சரித்திரம் படித்தவனுக்குப் பிழைப்பில்லை என்கிறார்கள். மன்னர் பட்டியலையும் போர்களின் ஆண்டுகளையும் ஒப்புவிப்பதே சரித்திரமென்றால் அக்குற்றச்சாட்டை நாமும் ஏற்போம். ஆனால் குற்றம் சரித்திரத்தினுடையதன்று. பொருளாதாரத்திலிருந்தும் விஞ்ஞானத்திலிருந்தும் அதைப் பிரித்து வேலி கட்டி வைத்த கல்விமுறையினுடையது.

ஆரையம்பதிக்கு வந்து பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி, வாவிக்கப்பால் படுவான்கரை வயல்கள், வடக்கே காத்தான்குடி. இம்மண்ணின் வரலாற்றை எழுதப் புகும் மாணவன் எவற்றைக் கற்க வேண்டும்? போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் நெல் எவ்வாறு பங்கிடப்பட்டது என்றறியப் பொருளாதாரம் வேண்டும். வாவியின் முகத்துவாரம் அடைபடுவதும் திறப்பதும் மீனவன் அடுப்பை எவ்வாறு ஆள்கின்றன என்றறியப் புவியியலும் உயிரியலும் வேண்டும். தாய்வழிக் குடிமுறையையும், 1876இல் பிரிற்றோ எழுதிய முக்குவர் சட்ட நூலையும் விளங்கிக்கொள்ளச் சட்டமும் மானிடவியலும் வேண்டும்.

இது வெறும் புலமை வேட்கையன்று. தாய்வழிக் குடியும், மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இக்கரையில் தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. இனத்துக்கொரு வம்சாவளி எழுதும் சரித்திரம் இதைச் சொல்வதில்லை. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில் இம்மாவட்டத்தின் தமிழ்க் கிராமங்களிலும் உயிர்கள் பறிக்கப்பட்டன. படிப்பொன்றே துப்பாக்கியைத் தடுத்துவிடும் என்று நாம் மயங்கவில்லை. ஆயினும் அரைகுறைச் சரித்திரம் துப்பாக்கிக்கு நியாயம் தேடிக் கொடுக்கும் என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம்.

பல துறை இணைந்த கல்வி நமக்குப் புதியதுமன்று. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் ஒரே மாணவனுக்குக் கற்பிக்கப்பட்டன. மதம் பரப்புவதே அவர்களது நோக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையே பின்னர் சட்டமும் கற்றார். செல்லரித்த ஏடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார்.

நமது மண்ணிலேயே விபுலாநந்த அடிகள் இல்லையா? 1892இல் காரைதீவில் பிறந்து, மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியில் பயின்று, விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் அவர். 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' கணிதமும் பௌதிகமும் தமிழிலக்கியமும் கைகோத்துப் பெற்ற பிள்ளை. "இசையா விஞ்ஞானமா, ஒன்றைத் தெரிந்தெடு" என்று அவரை நிறுத்தியிருந்தால் அந்நூல் பிறந்திருக்குமா?

இன்று பிற நாடுகளின் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் பல, வரலாற்று மாணவன் பிற துறைகளையும் இணைத்துப் படிக்க வழி திறந்துள்ளன. பணம் கட்ட வல்லவன் பெறும் அவ்வாய்ப்பு, வாவியில் வலை வீசுபவன் மகளுக்கு இலவசக் கல்வியின் உரிமையாகவே கிடைக்க வேண்டும் என்கிறோம்.

"பலதும் படிப்பவன் ஒன்றிலும் ஆழமாட்டான்" என்று மறுப்பாருமுளர். நாம் கேட்பது நுனிப்புல் மேய்ச்சலன்று. வரலாறு அடித்தளமாக இருக்கட்டும். அதனோடு பிறிதொரு துறை, பட்டப்படிப்பின் இறுதிவரை முறையாகக் கற்பிக்கப்படட்டும். சிங்களம் கட்டாயம் கற்கப்படட்டும். அயலவனின் ஆவணத்தை அவன் மொழியிலேயே படிக்காதவன் அவனைப் பற்றித் தீர்ப்புக் கூறலாகாது. ஒவ்வொரு மாணவனும் ஒரு பருவமேனும் மீனவர், விவசாயிகள், நெசவாளரிடையே கள ஆய்வு செய்யட்டும்.

1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான வந்தாறுமூலைக் கலாசாலை, நீண்ட கோரிக்கையின் பயனாக இப்பிரதேச மக்கள் பெற்றதாகும். மக்கள் பெற்ற கலாசாலையில் மக்களின் வரலாறு துண்டு துண்டாகக் கிடக்கலாமா?

ஆசிரியர்களே, மாணவர்களே! பாடத்திட்டக் குழு கூடும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வகுப்பிலிருந்து ஆரையம்பதி வாவிக்கரை வெகு தூரமில்லை. வேலியின் முதற்கம்பை அங்கே பிடுங்குங்கள்.