வெம்மையும் விருப்பமும்

வெம்மை என்னுஞ் சொற்கு விருப்பம் என்னும் பொருளும் உண்டென்று தொல்காப்பியனார் உரியியலிற் கூறியிருத்தலைத் தமிழ் மாணாக்கர் யாவரும் அறிவர். ஆயினும் நம் வழக்கில் அப்பொருள் நிலைத்திலது. அருளைத் தண்ணளி என்கிறோம். அரசனைப் புகழ்வோமாயின் அவன் குடைநிழலையே புகழ்கிறோம். வெம்மையைக் கொடுமைக்குக் கொடுத்துவிட்டோம். சித்திரை வெயிலில் வெந்தவர் வேறென் செய்வர்? வெயிலை விரும்புதல் இத்தன்மைத்தென அறிய வேண்டின், நாம் குளிர்நாட்டார்பாற் செல்லல் வேண்டும்.

நார்வே நாட்டில் ரியூக்கான் என்றோர் ஊர் உளது. அஃது ஆழ்ந்த பள்ளத்தாக்கின் அடியில் அமைந்தது. தென்புறத்து மலைகள் மறைத்தலால், செப்டம்பர் இறுதி தொடங்கி மார்ச்சு நடு வரை, ஏறக்குறைய ஆறு திங்கள், கதிரவன் அவ்வூரை எட்டிப் பார்ப்பதில்லை. மேலே வானம் நீலமாய் விளங்கும், எதிர்மலையுச்சியிற் பொன்வெயில் காயும், தெருவிலோ நிழல். கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கெட்டாத வெயில்! முழு இருளினும் இது கொடிதென்பது நம் கருத்து.

இவ்வூர் தானே தோன்றியதன்று. அருவியின் ஆற்றலால் மின்சாரம் எடுத்து, காற்றிலுள்ள நைட்ரஜனைக்கொண்டு உரம் ஆக்கும்பொருட்டு, சாம் ஐடே என்பார் முயற்சியால், நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனியார் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. மேலதிகாரிகளுக்கு வெயில் நெடுநாள் நிலைக்கும் வடசரிவின் மேற்புறத்தே மனைகள், தொழிலாளர்க்குக் கீழே. பதவிக்குத் தக்க வெயில்! 1913-இல் ஆஸ்கார் கிட்டில்சன் என்னுங் கணக்கர், மலைமேற் கண்ணாடி நிறுவிக் கதிரொளியை ஊருக்குள் திருப்பலாமென்று எழுதினார். அன்று அஃது இயலவில்லை. 1928-இல் கம்பெனியார் கம்பிவழித் தொங்கூர்தி ஒன்று அமைத்து, மக்கள் மலைமேற் சென்று வெயில்காய வழிசெய்தனர்.

கணக்கர் கருதியது நூறாண்டு கழித்து, 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் நிறைவேறிற்று. ஊருக்கு மேல் ஏறக்குறைய 450 மீட்டர் உயரத்தில் 3 கண்ணாடிகள் நிற்கின்றன. அவற்றின் மொத்தப் பரப்பு 51 சதுர மீட்டர். கதிரவன் செல்லும் வழிக்கேற்பக் கணிப்பொறி அவற்றைத் திருப்ப, ஊர் நடுவிலுள்ள சதுக்கத்தில் சுமார் 600 சதுர மீட்டர் அளவு வெயில் விழுகின்றது. ஓர் ஊருக்கு அவ்வளவே!

இதற்குச் செலவிடும் பணம் வேறு நற்பணிக்கு ஆகாதோ என்று ஊராருட் சிலர் எதிர்த்தனர். அவர் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. விளக்கொளி அமையாதோ எனின், பகல் மேகம் மூடியிருப்பினும் வெளியிலுள்ள ஒளி வீட்டு விளக்கினும் பன்மடங்கு மிகுதியாம். குளிர்கால ஒளிக்குறைவால் மனச்சோர்வு எய்துவாரும் உளரென்பதை 1984-இல் நார்மன் ரோசந்தால் முதலிய மருத்துவர் விளக்கி எழுதினர். ஆயினும் இதனை மருந்துக்கணக்காகவே காண நாம் விரும்பவில்லை. விளக்கு அவரவர் அறையில் எரிவது. ஆறு திங்கள் அவரவர் அறையில் அடைபட்டிருப்பார்க்கு ஒளி மட்டுமோ குறை? ஒருவர் முகத்தை ஒருவர் வெயிலிற் காண்பதும் வாழ்க்கைக்கு வேண்டுவதன்றோ? அச்செலவு தக்கதென்றே நாம் துணிகிறோம். மேட்டுமனைக்குப் பதவி வேண்டும். தொங்கூர்திக்குக் கட்டணம் வேண்டும். சதுக்கத்திலோ, தள்ளுவண்டியிற் குழந்தையோடு வந்த தாயும், கோலூன்றிய முதியவரும், வழிப்போக்கரும் கண்ணை மூடி, மலைப்பக்கம் முகத்தைத் திருப்பி, வேண்டுமட்டும் நிற்கலாம்.