ஏற்றுமதி கூடினால் மிளகு விலை கூடுமா?

கேள்வி: நறுமணப் பொருள் ஏற்றுமதி கூடியிருப்பதாக ரேடியோவில் சொல்கிறார்கள். வியாபாரியோ மிளகை பழைய விலைக்கே கேட்கிறார். விற்பதா, இருப்பு வைப்பதா?
– ஒரு வாசகர், ஆலத்தூர் நாடு, கொல்லிமலை.

பதில்: ஏற்றுமதிச் செய்தியை நம்பி மிளகை இருப்பு வைக்காதீர்கள். ஏற்றுமதியாவது எல்லாம் நம் கொடியில் காய்த்ததல்ல. மிளகு எண்ணெயும் சாறும் எடுக்கும் ஆலைகள், திருப்பி ஏற்றுமதி செய்வதாகச் சொல்லி இலங்கை, வியட்நாம் மிளகை வரியில்லாமல் இறக்குகின்றன. அவர்கள் ஏற்றுமதி பெருகினாலும் சோளக்காடு சந்தையில் விலை அசையாது.

நம் விலையை அசைப்பது இறக்குமதி. வெளிநாட்டு மிளகுக்குப் பொதுவான வரி 70 சதவீதம். ஆனால் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இலங்கை ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 2,500 டன்னுக்கு வரியே இல்லை. அதற்கு மேல் வந்தாலும் தெற்காசிய ஒப்பந்தத்தில் 8 சதவீதம்தான். வியட்நாம் மிளகுக்கு 2017-ல் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தது. சும்மா இருப்பார்களா? வியட்நாம் சரக்கு இலங்கைச் சரக்கு என்ற பெயரில் வருகிறது என்று விவசாயிகள் புகார் செய்தார்கள். 2016-ல் கிலோ 700 ரூபாய் வரை போன மிளகு, 2017 கடைசியில் 400 பக்கம் வந்துவிட்டது.

அந்த டிசம்பரில் மத்திய அரசு, இறக்குமதி மிளகுக்குக் குறைந்தபட்ச விலையாகக் கிலோ 500 ரூபாய் வைத்தது. நல்ல முடிவுதான். ஆனாலும் 2019, 2020-ல் நம் விலை 300 சில்லறையிலேயே கிடந்தது. பில்லில் மட்டும் 500 என்று எழுதிக் கொண்டுவந்தார்கள் என்ற புகாரும் எழுந்தது. உள்ளூர் விலை 550-ஐத் தாண்டிவிட்டால் இந்தத் தடுப்புக்கு வேலையே இல்லை என்பதையும் கவனியுங்கள். அப்போது இலங்கைச் சரக்கு நேர்வழியிலேயே வரும்.

ஆகவே, கடன் வட்டி ஓடுகிறதென்றால் பாதியை இப்போதே விற்றுவிடுங்கள். மீதியை வைப்பதானால் தரமாக வையுங்கள். சரத்தில் ஒன்றிரண்டு காய் சிவந்த பிறகு பறித்து, கூடையோடு கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, தார்ப்பாயில் காய வையுங்கள். ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மலைக் குளிருக்குப் பூஞ்சணம் பிடிக்கும். லிட்டருக்கு 550 கிராம் எடை நின்றால் விலை பேசலாம். கொடியோடு பேசி முன்பணம் வாங்கியவர்களுக்கு இந்த யோசனை பயன்படாது. விலை ஏறினால் லாபம் வியாபாரிக்கே. அடுத்த பருவத்துக்காவது முன்பணம் வாங்குமுன் வீட்டில் கலந்து பேசுங்கள்.