மனையில் நூல் கட்டுமுன்...



ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் ஒரு முறைதான் வீடு கட்டுகிறது. அத்தா சேர்த்த பணம், மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணம், மனைவியின் நகை எல்லாம் சேர்ந்து சுவராக எழுகின்றன. ஆயினும் அந்தச் சுவர் எங்கே எழ வேண்டும் என்பதை நம்மில் பலர் ஒரு மாலைப் பொழுதில், மனையில் நின்றுகொண்டு, மேஸ்திரியின் வாய்மொழியிலேயே முடிவு செய்து விடுகிறோம். திருமண அழைப்பிதழின் வாசகத்தை நான்கு முறை திருத்தும் நாம், நாற்பது ஆண்டுகள் வாழப்போகும் வீட்டின் வரைபடத்தை ஒரு முறைகூடத் திருத்துவதில்லை.

பட்டாசுத் தொழிலை அறிந்த நம் சிவகாசி வட்டாரத்தாருக்கு இடஅமைப்பின் அருமையைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. மருந்து அடைக்கும் அறைகளுக்கிடையே இடைவெளி விடுவதும், கதவுகளை வெளிப்புறமாகத் திறக்குமாறு வைப்பதும், ஓர் அறையில் சிலர் மட்டுமே அமர்வதும் எதற்காக? அறை அமைந்த விதமே உயிரைக் காக்கிறது என்பதற்காகத்தானே! தொழிற்சாலைக்கு அவ்வளவு யோசனை தேவையெனில், வீட்டிற்கு வேண்டாமா?

முதலில் மண்ணைப் பாருங்கள்

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பெரும்பாலும் கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கிக் கையை நுழைக்கும் அளவுக்கு வெடிக்கும். மேலோட்டமாக வானம் தோண்டிக் கட்டிய வீடுகளில் சில ஆண்டுகளிலேயே ஜன்னல் மூலைகளில் சாய்வான விரிசல் விழுவது இதனால்தான். மண் அசையாத ஆழம் வரை அஸ்திவாரம் இறங்க வேண்டும். எத்தனை அடி என்பதை மனையில் குழி தோண்டிப் பார்த்துப் பொறியாளர் சொல்லட்டும். பக்கத்து வீட்டின் ஆழத்தை உங்கள் வீட்டுக்குக் கணக்காகக் கொள்ளாதீர்கள்.

கரிசலில் இன்னொன்றும் உண்டு. சுவரோரம் தேங்கும் தண்ணீரே அந்த வீட்டின் பகைவன். குளியலறைக் கழிவுநீர், மாடிக் குழாயின் மழைநீர் இரண்டையும் சுவரிலிருந்து அப்பால் கொண்டு செல்லுங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்திற்குச் சரிவான சிமெண்டுத் தளம் போடுங்கள். வேப்பங்கன்றை ஆசையோடு வைப்பவர்கள் சுவரிலிருந்து விலக்கியே வையுங்கள்.

வெயிலும் காற்றும்

நம் மாவட்டத்தில் மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்தான். வெயிலுக்கோ குறைவே இல்லை. பிற்பகல் முழுவதும் சுடுவது மேற்குச் சுவர். தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு போதும். ஏனெனில் தெற்கில் சூரியன் உயர நிற்கிறது. மேற்கிலோ சூரியன் தாழ இறங்கிச் சன்ஷேடுக்கு அடியில் புகுந்து அறைக்குள் வருகிறது. ஆகவே, படுக்கையறையை மேற்குச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். குளியலறை, கழுவுமிடம், அடுப்படி ஆகியவற்றை மேற்கில் வைத்தால், அவை வெயிலை வாங்கிக்கொண்டு பின்னால் உள்ள அறைகளைக் காக்கும்.

ஆடி மாதத்து மேல்காற்று புழுதியோடு வரும். எனவே மேற்கு ஜன்னல்கள் சிறியனவாக, இறுக மூடக்கூடியனவாக இருக்கட்டும். மற்றத் திசைகளில் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் ஒரு திறப்பு இல்லையேல் காற்று உள்ளே வராது. நுழைந்த காற்றுக்கு வெளியேற வழி வேண்டுமல்லவா? மொட்டைமாடியில் சுருக்கித் தளம் போட்டுத் தட்டோடு பதித்து, ஆண்டுதோறும் கோடைக்கு முன் சுண்ணாம்பு அடித்தாலே உள்ளே வெப்பம் தணிவதை உணர்வீர்கள்.

மனையடி அளவு சரியில்லையென்று அறையைக் குறைக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். கட்டில் போட்டபின் நடக்க இடமிருக்கிறதா என்பதே நாம் பார்க்க வேண்டிய அளவு.

மூன்று சென்ட்டில் ஒரு வீடு

எடுத்துக்காட்டாக மூன்று சென்ட் மனை ஒன்றைக் கொள்வோம். தெரு கிழக்கில், முகப்பு 30 அடி, ஆழம் 43½ அடி. முன்னே 5 அடியும், பின்னே 4½ அடியும், இருபுறமும் 3½ அடியும் விட்டால், 23-க்கு 34 அடி கட்டடம் கிடைக்கும். ஏறத்தாழ 780 சதுர அடி. (உங்கள் தெருவின் அகலத்திற்கு எவ்வளவு விட வேண்டும் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.) இதை மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள்.

தெருவை ஒட்டிய முதல் பட்டையில், தெற்கே 10-க்கு 10 அடியில் முன்னறை. வடக்கே மாடிப்படி. இரண்டுக்கும் நடுவே கம்பிக் கதவு போட்ட சிறு தார்சா. முன்னறைக்கு வாசல் தார்சாவிலிருந்து.

நடுப்பட்டையில், வடக்கே 11-க்கு 13 அடியில் பட்டாசாலை. தெற்கே 10-க்கு 13 அடியில் படுக்கையறை.

மேற்குப் பட்டையில், வடக்கே 8-க்கு 8 அடியில் அடுப்படி. நடுவே 7-க்கு 8 அடியில் கழுவுமிடம். தெற்கே 5½-க்கு 8 அடியில் குளியலறையும் கழிவறையும். கழுவுமிடத்திலிருந்து பட்டாசாலை, படுக்கையறை, அடுப்படி, குளியலறை, கொல்லை ஆகிய ஐந்திற்கும் கதவு. வீட்டின் உயிர்நாடி இந்தச் சிறு இடந்தான்.

இதில் கிடைக்கும் பயன்களைப் பாருங்கள். வந்தவர் முன்னறையில் அமர்ந்தால், பட்டாசாலையில் இருக்கும் பெண்கள் எழுந்து ஓட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் பெண்கள் வீட்டுக்கு வீடு சென்றுவர முடுக்கு என்னும் தனிச்சந்து விட்டுக் கட்டினார்கள் நம் முன்னோர். மூன்று சென்ட்டில் முடுக்குக்கு இடமில்லை. ஒரு கதவை இடமாற்றி வைப்பதால் அந்த வசதியைப் பெறலாம். விருந்தினர் இல்லாத நேரத்தில் அதே அறை பிள்ளைகள் படிக்கும் அறை. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், தொலைக்காட்சி ஓடும் கூடத்தின் மூலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம். வரும் ஆண்களுக்கென மாடிப்படியின் உயரமான பகுதிக்கு அடியில், பக்கச் சந்திலிருந்து நுழையுமாறு ஒரு கழிவறை வைத்துவிட்டால், யாரும் வீட்டுக்குள் கடந்து வர நேராது.

தொழுகையும் தூய்மையும்

நம் ஊரிலிருந்து கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 22 பாகை திரும்பியது. நூல் கட்டும் அன்றே திசைகாட்டியை வைத்துத் தரையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வரைபடத்தில், பட்டாசாலையின் வடமேற்கு மூலையில் கதவே இல்லை. முஸல்லா விரிக்க ஏற்ற இடம் அது. யாரும் குறுக்கே நடக்க மாட்டார்கள். ஒளூச் செய்யக் கழுவுமிடத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாயும், அமர ஒரு திண்டும் போதும்.

மலசலம் கழிக்கையில் கிப்லாவை முன்னோக்கவோ பின்னோக்கவோ கூடாது என்பதை அறிவோம். கழிவறைப் பீங்கானை வடக்கு அல்லது தெற்கு நோக்கி வையுங்கள். பீங்கானைப் பதித்தபின் மாற்றுவது பெருஞ்செலவு.

பட்டாசு வேலைக்குச் செல்லும் வீடுகளுக்கு

ஆலையிலிருந்து திரும்புபவரின் கையிலும் உடையிலும் வெள்ளிப்பொடியும் மருந்தும் ஒட்டியிருக்கும். அவர் முன்வாசல் வழியே வந்து, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி, அடுப்படியில் எட்டிப் பார்த்தபின் குளிக்கப் போவது தவறு. பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து, கழுவுமிடத்தின் பின்கதவைத் திறந்து, நேரே குளியலறைக்குள் செல்லட்டும். அந்த உடையைத் தனி வாளியில் ஊறவைத்துத் தனியே துவைக்க வேண்டும். வரைபடத்தில் பின்கதவின் இடத்தை மாற்றினாலே இந்தப் பாதுகாப்புக் கிடைத்துவிடும்.

காலண்டர் வேலை, அச்சகத்துத் தாள் மடிப்பு, பெட்டி ஒட்டுதல் என்று வீட்டுக்கு வேலை எடுத்து வரும் சகோதரிகள் முன்னறையின் கிழக்கு ஜன்னலோரத்தை அதற்கென ஒதுக்கலாம். கண்ணுக்கு வெளிச்சம் கிடைக்கும். ஆனால், மருந்து தொடர்பான எந்த வேலையும், திரி சுற்றுவதுகூட, வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். உரிமமின்றிப் பட்டாசு தயாரிப்பது சட்டப்படி குற்றம். அதனினும் பெரியது உயிர். 2021 ஜூனில் தாயில்பட்டியில் வீட்டில் வைத்துப் பட்டாசு தயாரித்தபோது நேர்ந்த வெடிப்பில் உயிர்கள் பலியாயின. அடுப்பும் மருந்தும் ஒரே கூரையின் கீழ் இருக்குமாறு எந்த வரைபடத்தாலும் பாதுகாப்பாக அமைக்க முடியாது.

அடுப்படியை யார் தீர்மானிப்பது?

சமைக்கிறவர் தீர்மானிக்கட்டும். மேடையின் உயரத்தைப் பொதுவாக வைத்துவிடாமல், உங்கள் மனைவியை நிற்கவைத்து அளந்து வையுங்கள். ஐந்தடி உயரமுள்ளவருக்கு 32 அங்குலம் போதும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் படியும். ஆகவே, சிலிண்டர் இருக்கும் பக்கத்தில் தரையோரமாக வெளிச்சுவரில் ஒரு துளை அவசியம். பரண் உயரத்தில் அண்டாவையும் தேக்சாவையும் அடுக்குவோர், அதை இறக்கப் போவது யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்

பல பகுதிகளில் குழாயில் தண்ணீர் சில நாள்களுக்கு ஒரு முறைதான் வருகிறது. தரைத்தொட்டியை முன்புறம் வடகிழக்கிலும், செப்டிக் டேங்கைப் பின்புறம் தென்மேற்கிலும் வைத்தால் இரண்டுக்கும் மனையிலேயே அதிகபட்ச தூரம் கிடைக்கும். கழிவை உறிஞ்சும் வண்டியின் குழாய் பக்கச் சந்து வழியே எட்டுமாறு மூடியை அமையுங்கள். மனிதர் எவரும் அதற்குள் இறங்கக்கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது, மனச்சாட்சியும் தடை செய்யட்டும்.

780 சதுர அடிக் கூரையில் ஓராண்டில் விழும் மழை ஏறத்தாழ 58,000 லிட்டர். சிந்தியது போக 45,000 லிட்டரையாவது பிடிக்கலாம். மழைநீர் சேகரிப்புத் தமிழகத்தில் 2003 முதல் கட்டாயம். ஆனால் கரிசலில் தண்ணீர் எளிதில் இறங்காது. கண்துடைப்புக்கு ஒரு குழி தோண்டுவதைவிட, வடிகட்டித் தரைத்தொட்டிக்கே கொண்டு செல்வது பயன் தரும்.

முதியவரும் இறுதி நாளும்

மாடியில் அழகான படுக்கையறைகள் இரண்டு கட்டிவிட்டு, கீழே முதியவருக்கு ஓர் அறைகூட இல்லாத வீடுகள் பெருகி வருகின்றன. மூட்டு வலியோடு அத்தா மூச்சிரைக்கப் படியேறுகிறார்; அல்லது பட்டாசாலையின் ஓரத்தில் எல்லார் கண்ணிலும் படக் கிடக்கிறார். கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும், அதிலிருந்து பத்தடிக்குள் ஒரு கழிவறையும் இருந்தே தீர வேண்டும். குளியலறையில் வாசற்படித் தடுப்பு வேண்டாம்; கைப்பிடிக் கம்பி வேண்டும்; தரை வழுக்காத ஓடாக இருக்கட்டும்.

வீடு கட்டும் மகிழ்ச்சியில் எவரும் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இந்த வீட்டிலிருந்து ஒரு நாள் ஜனாஸாவும் புறப்படும். மய்யித்தைக் குளிப்பாட்ட மறைவான, நீர் வடியும் இடமில்லாமல் தெருவில் துணி கட்டித் தடுமாறும் வீடுகள் உண்டு. சந்தூக்கு திரும்ப முடியாமல் சாய்த்துத் தூக்கும் வாசல்களும் உண்டு. கழுவுமிடத்தை 7-க்கு 8 அடியாகச் சொன்னதற்கும், தலைவாசலை மூன்றரை அடி அகலத்தில் பட்டாசாலைக்கு நேரே வைக்கச் சொல்வதற்கும் இதுவும் ஒரு காரணம். அங்கு மகள் திருமணத்திற்குப் பாத்திரங்களும் கழுவப்படும். பேரக் குழந்தையும் குளிக்கும்.

கடனின்றிக் கட்டுங்கள்

பட்டாசுத் தொழிலின் வருமானம் ஆண்டு முழுதும் ஒரே சீராக வருவதில்லை. தீபாவளிக்கு முன் கை நிறையும். பின் சில வாரங்கள் வேலை இராது. 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்தபின் இந்த நிலையின்மை இன்னும் கூடிற்று. மாதாமாதம் தவறாமல் தவணை கேட்கும் வட்டிக் கடனை நம்பிக் கட்டிய வீட்டில் உறக்கம் வருமா? வட்டியின் தீமையை நமக்கு மார்க்கமும் எச்சரிக்கிறது, கணக்கும் எச்சரிக்கிறது.

ஆகவே, முழு வரைபடத்தையும் இன்றே தயாரியுங்கள். பணம் உள்ள அளவுக்கு மட்டும் கட்டுங்கள். அஸ்திவாரத்தையும் தூண்களையும் மாடிக்கும் சேர்த்து இடுங்கள். படியை முகப்பில் வைத்தால், மகனுக்குத் திருமணமாகும்போது கீழே உள்ளவர்களைக் கலைக்காமல் மேலே இரண்டு அறைகள் எழுப்பலாம். மார்பிளும் முகப்பு வளைவும் பிறகு வரலாம். அஸ்திவாரமும் கழிவுநீர்க் குழாயும் பிறகு வர இயலாது.

தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டப்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டிற்கு இணைய வழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. சுயசான்று என்பது நாம் கொடுக்கும் வாக்கு. வரைந்தது ஒன்று, கட்டியது ஒன்று என்று இருத்தல் கூடாது.

இறுதியாக ஒன்று. வரைபடம் கையில் வந்ததும் மனைக்குக் குடும்பத்தோடு செல்லுங்கள். சுண்ணாம்புத் தூளால் அறைகளைத் தரையில் முழு அளவில் கோடிடுங்கள். கட்டிலின் அளவுக்கு ஒரு பாயை விரியுங்கள். உங்கள் அம்மாவை அந்த அறையிலிருந்து கழிவறைக்கு நடக்கச் சொல்லுங்கள். மனைவியை அடுப்படியிலிருந்து பட்டாசாலைக்கு நடக்கச் சொல்லுங்கள். யார் எங்கே தயங்கி நிற்கிறாரோ, அங்கே கோட்டை அழித்து வரையுங்கள். சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்துவிடலாம். சுவர் எழுந்தபின் கடப்பாரை வேண்டும்.

விசாலமான வீட்டையும் அதில் மன அமைதியையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக!