பெட்டகத்தில் ஏறாத உடைமை

நாடு பெயர்தல் குற்றமன்று. கடல் கடந்து வாழ்தல் தமிழர்க்குப் புதிதும் அன்று. கலம் செலுத்தி வாணிகம் புரிந்த இனம் அது. எனவே, படித்த தமிழிளைஞர் ஒருவர் மனைவி மக்களோடு அயல்நாடு சென்று குடியேற எண்ணுவாராயின், அவரைப் பழிப்பதற்கு ஏதுமில்லை. தகுதிக்கேற்ற பணியும் உழைப்பிற்கேற்ற ஊதியமும் பிறந்த மண்ணில் கிட்டாதபோது, அவை கிட்டும் இடம் நோக்கி மாந்தர் பெயர்வது இயற்கை. எண்ணிப் பார்க்க வேண்டுவது வேறொன்று. புறப்படுவதற்கு முன் அவர் வீட்டில் ஓராண்டும் ஈராண்டும் நடைபெறும் அணியத்தில் எவையெவை கணக்கில் ஏறுகின்றன, எது ஏறாமல் விடப்படுகின்றது என்பதே அது.

ஆத்திரேலிய நாட்டின் முறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திறன்மிக்க பணியாளர்க்கு அந்நாடு வழங்கும் நுழைவிசைவு, அதாவது மக்கள் வழக்கில் 'விசா', புள்ளிக் கணக்கின்மேல் அமைந்தது. வேண்டுவோர் 45 அகவையை எட்டாதவராக இருத்தல் வேண்டும். 25 முதல் 32 வரை அகவையுடையார்க்கு 30 புள்ளிகள். இளநிலைப் பட்டத்திற்கு 15. முனைவர் பட்டத்திற்கு 20. பணிப் பட்டறிவிற்குத் தனிப் புள்ளிகள். ஆங்கிலத்தில் மிக மேம்பட்ட திறன் காட்டுவார்க்கு 20. இவற்றையெல்லாம் கூட்டிக் குறைந்தது 65 பெற்றவரே வரிசையில் நிற்க இயலும். அழைப்போ பெரும்பாலும் அதனினும் மிகுந்த புள்ளி பெற்றவர்க்கே வருகின்றது. அதற்கும் முன்னர், கணிப்பொறி வல்லுநராயின் அந்நாட்டுக் கணிப்பொறிக் கழகமும், பொறியாளராயின் அந்நாட்டுப் பொறியாளர் அமைப்பும் அவருடைய பட்டத்தையும் பட்டறிவையும் ஆய்ந்து சான்றளித்தல் வேண்டும். பின்னர் மருத்துவ ஆய்வு, காவல்துறைச் சான்று, பிறப்புச் சான்று, திருமணச் சான்று, ஊதியத் தாள், வரித் தாள் என மலைபோற் குவியும் தாள்கள்.

இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் தமிழ்க் குடும்பத்தின் ஊக்கம் பாராட்டிற்குரியது. ஆங்கிலத் தேர்வின் ஒரு பிரிவில் அரை மதிப்பெண் குறைந்ததெனின், மீண்டும் பணங்கட்டி மீண்டும் எழுதுகின்றனர். ஒரு புள்ளியையும் நழுவ விடுவதில்லை. ஆனால் அதே புள்ளிப் பட்டியலின் கீழ்ப்பகுதியில் இன்னொரு வரியும் உண்டு. குடியேறிய மக்கள் பேசும் மொழிகளுள் ஒன்றில் திறன் காட்டுவார்க்கு 5 புள்ளிகள் என்பதே அவ்வரி. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று.

அதற்கென ஒரு தேர்வு நடத்தப்படுகின்றது. ஆங்கிலம் மட்டும் அறிந்த ஒருவரும் தமிழ் மட்டும் அறிந்த ஒருவரும் உரையாடுகின்றனர். தேர்வு எழுதுவார் இடைநின்று, ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழிலும் தமிழில் கேட்டதை ஆங்கிலத்திலும் பெயர்த்துச் சொல்லுதல் வேண்டும். உரையாடல்கள் இரண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 சொற்கள். ஒவ்வொரு கூறும் 35 சொற்களுக்கு மேற்படாதது. மருத்துவமனை, வீட்டுக் குடிக்கூலி, காப்பீடு, பள்ளி, சட்டம் முதலிய அன்றாட வாழ்வுச் செய்திகளே பொருள். மொத்தம் 90 மதிப்பெண். 63 பெற்றால் தேர்ச்சி. ஒவ்வோர் உரையாடலிலும் 45க்கு 29 குறையாதிருத்தல் வேண்டும். பொருள் விடுபட்டாலும் திரிந்தாலும் மதிப்பெண் குறையும்.

இதனினும் எளிய தேர்வு தமிழர்க்கு வேறு என்ன இருத்தல் கூடும்? ஆயினும், தமிழகத்திற் பிறந்து தமிழகத்தில் வளர்ந்து தமிழகத்திலேயே பொறியியல் கற்ற இளைஞர் இத்தேர்வின்முன் தடுமாறுகின்றார். 'காப்பீடு' என்னும் சொல் அவர் நாவில் எழவில்லை. 'குடிக்கூலி ஒப்பந்தம்' அவர் வீட்டில் ஒருநாளும் ஒலித்ததில்லை. வினைச்சொல்லின் ஈறு மட்டும் தமிழாகவும், எஞ்சியதெல்லாம் ஆங்கிலமாகவும் பேசிப் பழகிய வாய் அது. ஆங்கிலச் சொற்றொடரை ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொல்லிவிட்டு, அதனைத் தமிழ் என்று காட்ட அத்தேர்வில் இடமில்லை. ஆகவே, தாய்மொழி பேசுவதற்குப் பயிற்சி நிலையத்தைத் தேடுகின்றார்; அதற்கும் கட்டணம் கட்டுகின்றார்.

இந்நிலை யாரால் வந்தது? 'அயல்நாடு செல்ல வேண்டும். ஆங்கிலம்தான் சோறு போடும்' என்று சொல்லி, மூன்று அகவைக் குழந்தையின் வாயிலிருந்தே தமிழை அகற்றியவர் பெற்றோர். வகுப்பறையிற் தமிழ் பேசிய மாணவரைக் கடிந்து, பள்ளியிறுதி வரை தமிழ் படியாமலே தேர்ச்சி பெற வழிவிட்டவை ஆங்கிலவழிப் பள்ளிகள். தமிழ்நாட்டில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கத் தனிச்சட்டம் ஒன்று 2006இல் தான் வந்தது என்பதே போதிய சான்று. தமிழ்நாட்டில் தமிழைக் கற்கச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆத்திரேலியாவோ தமிழ் அறிந்தவர்க்குப் புள்ளி தருகின்றது! சோறு போடாது என்று ஒதுக்கப்பட்ட மொழி, அவர்கள் விரும்பிச் செல்லும் நாட்டின் வாயிலிலேயே விலைமதிப்புப் பெற்று நிற்கின்றது.

ஐந்து புள்ளிக்காகத் தமிழைக் கற்க வேண்டுமா என்று தமிழ்ப்பற்றாளர் கேட்கலாம். வேண்டா. தாயை விலைபேசுதல் தமிழர் பண்பன்று. இங்குக் கூறவந்தது புள்ளியின் பெருமையை அன்று, பொய்யின் உடைவை. ஆங்கிலம் வேண்டுமெனின் தமிழை விடவேண்டும் என்பது பொய். ஆங்கிலத்திற்கு 20, தமிழுக்கு 5 என இரண்டையும் ஒருங்கே பெறுபவர்க்கு 25. இரு மொழியும் ஒருவர் நாவில் ஒருங்கே நிற்கும் என்பதை அயலார் அறிந்துள்ளனர், தமிழர் அறியவில்லை.

இனி, நுழைவிசைவு வந்தபின் நடைபெறுவதைக் காண்க. வீட்டுப் பொருள்களைக் கப்பலில் அனுப்ப 20 அடிச் சரக்குப் பெட்டகம் ஒன்றோ, அதன் ஒரு பகுதியோ அமர்த்தப்படுகின்றது. ஒவ்வொரு பெட்டிக்கும் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் பட்டியல். இட்டலிக் கொப்பரை, குத்துவிளக்கு, பித்தளைக் குடம், கோவை மாவரைக்கும் பொறி என யாவும் அதில் ஏறுகின்றன. இரு நாட்டிலும் மின்னழுத்தம் ஒன்றே, செருகியை மட்டும் மாற்றினால் போதும் என்பதையும் கேட்டறிந்து வைத்துள்ளனர்! ஆத்திரேலியா தன் மண்ணையும் பயிரையும் காப்பதில் மிகவும் கண்டிப்பான நாடு. செருப்படியில் மண் ஒட்டியிருத்தல் கூடாது. விதையோ, பட்டை உரியாத மரமோ இருத்தல் கூடாது. ஆகலின் வீட்டம்மையார் அம்மிக்கல்லையும் கழுவித் துடைத்து வெயிலில் உலர்த்துகின்றார். ஒரு கரண்டியும் விடுபடாமல் எழுதப்பெற்ற அப்பட்டியலில், மொழி என்று ஒரு வரி இல்லை.

சுங்கத் துறையில் ஒரு நெறி உண்டு. குடியேற வருவோர் கொணரும் வீட்டுப் பொருள்கள், புறப்படுமுன் 12 திங்களோ அதற்கு மேலோ அவருக்கு உரியனவாகவும் அவரால் பயன்படுத்தப்பெற்றனவாகவும் இருப்பின் அவற்றிற்கு வரியில்லை. உரிமை மட்டும் போதாது, பயன்பாடும் வேண்டும். இக்கேள்வியைத் தமிழ் பற்றி ஒருவர் கேட்டாரெனின், அக்குடும்பம் என்ன விடை சொல்லும்? 'எமக்கு உரியது' என்று நெஞ்சுயர்த்திச் சொல்லும். 'கடந்த 12 திங்களில் பயன்படுத்தினீரா? உம் பிள்ளையோடு பேசினீரா? ஒரு தாளாவது அதில் எழுதினீரா?' என்றால் தலை குனியும்.

பொருளை இழந்தால் மீண்டும் வாங்கலாம். மொழி அத்தகையதன்று, ஒரு தலைமுறை வாய்மூடின் மறு தலைமுறைக்கு அது அயன்மொழி. இதற்கு வரலாறே சான்று. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களை ஏற்றிச்சென்ற முதற் கப்பல் அது. அவ்வழிச் சென்ற தமிழர்தம் கொடிவழியினர் இன்றும் தமிழ்ப் பெயர் தாங்குகின்றனர். முருகனுக்குக் காவடி எடுக்கின்றனர். ஆனால் அவருட் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். மொரீசியசு நாட்டில் பணத்தாளில் தமிழெழுத்து இடம்பெற்றுள்ளது. 1998இல் அவ்வெழுத்தின் வரிசையிடம் மாற்றப்பட்டபோது அங்குள்ள தமிழர் கிளர்ந்தெழுந்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. இனமானம் அவரிடம் சாகவில்லை. எனினும் அவருட் பலர்க்கு அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாது. மானம் நின்றது, மொழி நில்லாது போயிற்று.

மலேசியாவை நோக்குக. அங்கும் சென்றவர் தோட்டக் கூலிகளே, அவரும் ஏழையரே. ஆயினும் 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பு வளர்ந்து, தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளியாகி, இன்று 500க்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகளாய் நிற்கின்றது. அங்குத் தமிழ் வாழ்கின்றது. இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு, பள்ளி இருந்ததும் இல்லாமற் போனதுமே.

ஈழத்தமிழரை எண்ணினால் நெஞ்சு இன்னும் குத்தும். 1983க்குப் பின் உயிர்காக்க ஓடியவர்க்குப் பெட்டகம் ஏது, பட்டியல் ஏது? உடுத்த உடையோடு சென்ற ஏதிலியர் பலர். அவர்கள் சென்ற நாட்டில் காரி, ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளி தொடங்கினர், பாடநூல் எழுதினர், பிள்ளைகளுக்குத் தூய தமிழ்ப் பெயர் சூட்டினர். ஆத்திரேலியாவின் நியூ சவுத்து வேல்சு, விக்டோரியா ஆகிய மாநிலங்களில் இன்று பள்ளியிறுதித் தேர்விற்குத் தமிழை ஒரு பாடமாக எடுக்க இயலும். அந்நிலை வந்ததில் அவர்தம் உழைப்பின் பங்கு பெரிது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் வீட்டில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 95,000 பேர். ஒன்றும் எடுத்துச்செல்ல இயலாதவர் மொழியை எடுத்துச் சென்றனர். எல்லாம் எடுத்துச்செல்ல இயன்றவர் அதனை விட்டுச் செல்கின்றனர்.

'அங்குப் போனபின் பிள்ளை பார்த்துக்கொள்ளும்' என்று சில பெற்றோர் ஆறுதல் கூறிக்கொள்வர். பார்த்துக்கொள்ளாது. பள்ளியிலும் விளையாட்டிடத்திலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலமே சூழ்ந்த இடத்தில், வீடு ஒன்றே தமிழுக்கு எஞ்சும் நிலம். அவ்வீட்டிலும் தமிழில்லையெனின், ஊரிலுள்ள பாட்டியோடு தொலைப்பேசியிற் பேசும்போது அக்குழந்தை நலமா என்று கேட்கவும் தாய் இடைநின்று மொழிபெயர்க்க வேண்டிவரும். பேரன் முகம் காட்சித் திரையில் தெரியும், பேச்சு விளங்காது. பாட்டிக்கு அதனினும் கொடிய தனிமை வேறில்லை.

ஆகவே, புறப்படும் குடும்பம் தன் பட்டியலின் முதல் வரியில் தமிழை எழுதிக்கொள்க. நுழைவிசைவிற்குக் காத்திருக்கும் திங்கள்களில் வீட்டில் தமிழிலேயே பேசிப் பழகுக. குழந்தைக்கு எழுத்தறிவித்து, ஒரு மடலாவது தாத்தாவிற்குத் தன் கையால் எழுதச் செய்க. கரண்டிகளுக்கு இடம் தந்த பெட்டகத்தில் நூல்களுக்கும் ஒரு பெட்டி தருக: அகரமுதலி ஒன்று, திருக்குறள் ஒன்று, குழந்தைக்குக் கதைநூல் பத்து. சென்று இறங்கும் நகரில் வீடு தேடும்போதே அண்மையிலுள்ள தமிழ்ப்பள்ளி எது என்றும் கேட்டறிக. இல்லையெனின் நான்கு குடும்பம் கூடி ஒன்று தொடங்குக. பள்ளியிறுதித் தேர்வில் தமிழைப் பாடமாக எடுக்க வாய்ப்புள்ள இடத்தில் பிள்ளையை எடுக்கச் செய்க. மாணவர் எண்ணிக்கை குறைந்தால் பாடமும் மறையும்.

இவற்றுள் எதற்கும் கப்பற் கூலி இல்லை. சுங்க வரி இல்லை. எடைக் கணக்கும் இல்லை. மொழிக்கு வேண்டுவது பெட்டகத்தில் இடமன்று, நாவில் இடம். அவ்விடத்தைத் தருபவர் எந்த நாட்டிற் குடியேறினும் தமிழராய் வாழ்வர். தாராதவர் தமிழகத்தை விட்டு ஓரடியும் பெயராதிருப்பினும், என்றோ நாடு பெயர்ந்தவரே ஆவர்.