சிவப்பு மருந்தும் மண்வாசமும்

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளியிருக்கும் மாமிக்கு மார்பகப் புற்றுநோய் என்று சொன்னபோது அவர் அழவில்லை. "அல்லாஹ் தந்தத அவனே எடுப்பான்" என்று சொல்லிவிட்டு வழமைபோல் அடுப்படிக்குப் போய்விட்டார். அவரைப் பயமுறுத்தியது நோயல்ல, முதல்நாள் வைத்தியசாலை வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு ஏற்றிக்கொண்டிருந்த மருந்தின் நிறம். அது சர்பத்தைப் போல் சிவப்பாக இருந்ததாம்.

அடுத்த நாளிலிருந்து சுகம் விசாரிக்க வந்தவர்கள் பயத்துக்கு எண்ணெய் ஊற்றினார்கள். "அது முழுக்க கெமிக்கல் புள்ள. கெட்டதோட சேத்து நல்லதையும் கொல்லும். இயற்கையா ஏதாவது செஞ்சு பாருங்க" என்று ஒருவர் சொன்னார். மற்றவர் ஒரு கசாயத்தின் பெயரைச் சொன்னார். அவர்கள் எல்லோரும் மாமி மீது அன்பு கொண்டவர்கள்தான். அந்த அன்பை நம்பி மாமி ஏழு வாரங்கள் வைத்தியசாலைப் பக்கம் போகாமல் வீட்டிலேயே இருந்தார். திரும்பிப் போனபோது கட்டி வளர்ந்திருந்தது.

அந்த ஏழு வாரங்களைப் பற்றி யோசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை. மாமிக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய ஒரு விடயம் இருந்தது. உயர்தர உயிரியல் வகுப்பில் இருக்கும் எனக்கே அப்போது அது தெரியாது. அந்தச் சிவப்பு மருந்து மண்ணிலிருந்து வந்தது.

நீண்ட வெயிலுக்குப் பின் முதல் மழை விழும்போது எழும் மண்வாசத்தை விரும்பாதவர் யார்? அந்த வாசத்துக்கு முக்கிய காரணம் ஜியோஸ்மின் என்ற ஒரு பதார்த்தம். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பற்றீரியாக்கள் அதை உருவாக்குகின்றன. இவை பூஞ்சணத்தைப் போல் இழை இழையாக வளர்பவை. ஒரு பிடி மண்ணுக்குள் உணவுக்கும் இடத்துக்கும் ஓயாத போட்டி நடக்கிறது. ஓடவோ ஒளியவோ முடியாத இந்தச் சின்ன உயிர்கள் இரசாயனப் பொருட்களையே ஆயுதமாக்கிக்கொள்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் பெரும் பகுதி இந்தக் குடும்பத்திலிருந்தே நமக்குக் கிடைத்தது.

புற்றுநோய்க்கு எதிரான ஆயுதமும் இதற்குள் இருந்தது. 1940 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் செல்மன் வக்ஸ்மனும் பொய்ட் வூட்ரஃபும் மண் பற்றீரியா ஒன்றிலிருந்து அக்டினோமைசினைப் பிரித்தெடுத்தார்கள். அது நுண்ணுயிர்க்கொல்லியாகப் பயன்படுத்த முடியாத அளவுக்கு நச்சாக இருந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அக்டினோமைசின் டி பின்னாளில் சிறு பிள்ளைகளின் சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. ஓர் இடத்தில் ஒதுக்கப்பட்ட பொருள் வேறோர் இடத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றியது.

மாமி கண்ட சிவப்பு மருந்தின் கதை இத்தாலியில் தொடங்குகிறது. 1950களில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்நாட்டின் தென்கிழக்கே, கஸ்டல் டெல் மொன்டே என்ற பழைய கோட்டைக்கு அருகில் மண் மாதிரி எடுத்தார்கள். அதில் கிடைத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் செக்கச் சிவந்த நிறப்பொருள் ஒன்றைச் சுரந்தது. அதுதான் டோனோரூபிசின். முற்காலத்தில் அந்தப் பிரதேசத்தில் வாழ்ந்த ஓர் இனத்தின் பெயரையும் மாணிக்கக்கல்லைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து வைத்த பெயர் அது. பின்னர் அதே பற்றீரியாவில் விகாரத்தைத் தூண்டி வளர்த்தபோது சற்றே மாறிய வேறொரு மூலக்கூறு கிடைத்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரேயொரு ஒட்சிசன் அணுதான். ஆனால் பயன்படும் புற்றுநோய்களின் வகைகள் பெருகின. அது டொக்சோரூபிசின். 1974 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அது, இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. சிவப்பு நிறம் சாயம் பூசி வந்ததல்ல, அந்தப் பற்றீரியா தந்த நிறமே அது.

"இயற்கை நல்லது, கெமிக்கல் கெட்டது" என்று நாம் இலகுவாகப் பிரிக்கிறோம். அந்தப் பிரிப்பு இங்கே நிற்காது. மண் பற்றீரியாவிலிருந்து பிறந்த டொக்சோரூபிசின் இயற்கையின் பிள்ளை, அதேவேளை கடுமையான நச்சு. கலத்தின் டி.என்.ஏ. ஏணிப்படிகளுக்கு நடுவே புகுந்து, கலம் பிரிவதைத் தடுப்பதே அதன் வேலை. வேகமாகப் பிரியும் கலங்கள் அதிகமாக அடிபடும். புற்றுநோய்க் கலம் வேகமாகப் பிரிவது, மயிர் வேரிலுள்ள கலமும் அப்படியே. முடி உதிர்வது அதனால்தான். மருந்து நிறுத்தப்பட்ட பின் முடி மீண்டும் முளைப்பதும் வேர் முற்றாக அழியவில்லை என்பதால்தான்.

ஆகவே "நல்லதையும் கொல்லும்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் அறியாதது மிகுதிப் பாதி. இந்த மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதை மருத்துவம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. அதனால்தான் ஒருவருக்கு வாழ்நாளில் கொடுக்கக்கூடிய மொத்த அளவுக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 450 முதல் 550 மில்லிகிராம் வரைதான் அந்த எல்லை. மருந்து தொடங்குமுன் இதயத்தைப் பரிசோதிப்பதும், இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதும் இதற்காகத்தான். கசாயத்திலும் இரசாயனப் பொருட்களே இருக்கின்றன. ஆனால் அதில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது, அது ஈரலை என்ன செய்யும் என்று யார் அளந்தார்கள்? இயற்கையா, செயற்கையா என்பதைவிட, அளந்ததா அளக்காததா என்று கேட்பதே உயிருக்குப் பாதுகாப்பு.

இனி நமது குடலுக்குள்ளேயே வாழும் ஒரு பற்றீரியாவைப் பாருங்கள். ஈ. கோலை என்றதும் கிணற்று நீர் மாசும் வயிற்றோட்டமுமே நமக்கு நினைவுக்கு வரும். அதன் எல்லா வகைகளும் தீங்கானவை அல்ல. பிள்ளைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோய் ஒன்றின் சிகிச்சையில் முக்கிய இடம் பெறும் அஸ்பராஜினேஸ் என்ற நொதியம் ஈ. கோலையிலிருந்து கிடைக்கிறது. 1953 இல் கினிப்பன்றியின் இரத்தப் பாயத்தைப் பாய்ச்சியபோது எலிகளின் சிலவகைப் புற்றுகள் கரைவதை அமெரிக்க மருத்துவர் ஜோன் கிட் கண்டார். அதற்குக் காரணம் இந்த நொதியமே என்பது சில வருடங்களின் பின் தெரியவந்தது. ஆனால் எத்தனை கினிப்பன்றிகளிடம் இரத்தம் எடுப்பது? 1960களில் அதே வேலையைச் செய்யும் நொதியம் ஈ. கோலையில் இருப்பது கண்டறியப்பட்டதும் வழி திறந்தது.

அது வேலை செய்யும் விதம் அழகானது. நமது சாதாரண கலங்கள் தமக்குத் தேவையான அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே செய்துகொள்ளும். இந்த வகைப் புற்றுநோய்க் கலங்களால் அது பெரும்பாலும் முடியாது, இரத்தத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நொதியம் இரத்தத்திலுள்ள அஸ்பராஜினைச் சிதைத்துவிடுகிறது. புற்றுநோய்க் கலம் பட்டினியால் சாகிறது. சில பிள்ளைகளுக்கு ஈ. கோலை நொதியம் ஒவ்வாமையை ஏற்படுத்தும். அவர்களுக்காக, தாவரங்களை அழுகச் செய்யும் எர்வினியா என்ற வேறொரு பற்றீரியாவின் நொதியம் இருக்கிறது. அந்தப் பரம்பரையலகை மூன்றாவதொரு பற்றீரியாவுக்குள் வைத்து உற்பத்தி செய்யும் மருந்து 2021 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த நொதியத்தையும் வேறு பல மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பதால், ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் கொன்ற இந்த நோயிலிருந்து வசதியுள்ள நாடுகளில் இன்று 100 பேரில் ஏறத்தாழ 90 பேர் தப்புகிறார்கள்.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்று உம்மாமார் கேட்டால், தயிர் உறைய வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நல்ல உறை வேண்டும், பாலின் சூடு சரியாக இருக்க வேண்டும், பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும். இங்கும் அப்படியே. தேர்ந்தெடுத்த பற்றீரியாவைப் பெரிய உருக்குத் தொட்டிகளில் வளர்ப்பூடகத்தில் வளர்க்கிறார்கள். வெப்பநிலை, ஒட்சிசன், அமிலத்தன்மை எல்லாம் கணத்துக்குக் கணம் கண்காணிக்கப்படும். பிறகுதான் கடினமான வேலை. தேவையான மூலக்கூற்றை மட்டும் பிரித்தெடுத்து, பற்றீரியாவின் சுவரிலிருந்து வரும் நச்சுக்களை முற்றாக நீக்கி, ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும். பற்றீரியாவில் இயல்பாக இல்லாத ஆற்றலையும் பரம்பரையலகு மூலம் கொடுக்கலாம். முன்னர் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினுக்குப் பதிலாக, மனித இன்சுலினின் பரம்பரையலகை ஈ. கோலைக்குள் வைத்துச் செய்த இன்சுலின் 1982 இல் வந்தது. நமது உம்மும்மாமார் ஊசியால் ஏற்றிக்கொள்ளும் மருந்தின் பின்னால் இருப்பதும் இந்தத் தொழினுட்பந்தான்.

எல்லாம் இலகுவாக முடிந்துவிடுவதில்லை. டக்சோல் என்ற புற்றுநோய் மருந்து முதலில் ஒரு வகை மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். 2010 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தாவரப் பரம்பரையலகுகளை ஈ. கோலைக்குள் வைத்து, டக்சோலின் ஆரம்ப மூலக்கூறான டக்சடீனை லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் அளவில் பெற்றார்கள். ஆனால் அங்கிருந்து முழு டக்சோலை அடைய இன்னும் பல படிகள் ஏற வேண்டும். அந்தப் படிகளில் ஏறப்போகிறவர்கள் யார்?

இந்தக் கேள்வியோடு பெற்றோரிடம் வருகிறேன். நமது வீடுகளில் உயிரியல் பிரிவு என்றால் டொக்டர் என்று மட்டுமே பொருள். இசட் புள்ளி சற்றுக் குறைந்து மருத்துவ பீடம் தவறிவிட்டால் வீடே மையத்து வீடாகிவிடுகிறது. அந்தப் பிள்ளை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எழுத வைக்கப்படுகிறாள், அல்லது கலியாணம் பேசப்படுகிறது. நுண்ணுயிரியல் படிக்கிறேன், உயிரியல் தொழினுட்பம் படிக்கிறேன் என்றால், "அத வச்சி என்ன செய்யிற?" என்று கேட்கிறோம். மாமிக்கு ஊசி போட்டவர் ஒரு டொக்டராக அல்லது தாதியாக இருக்கலாம். ஆனால் அந்த ஊசிக்குள் மருந்து வந்ததற்குக் காரணம் மண்ணைக் கிளறியவர்களும் தொட்டியைக் கண்காணித்தவர்களும் தரத்தைச் சோதித்தவர்களும் தான்.

அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் நுண்ணுயிரியலாளர், நியூயோர்க் நகரில் வேலை செய்தார். மற்றவர் இரசாயனவியலாளர், அல்பனியில் இருந்தார். மண் பற்றீரியாக்களை வளர்த்து ஒருவர் தபாலில் அனுப்புவார், மற்றவர் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். அப்படி 1950 இல் அவர்கள் அறிவித்த நிஸ்டட்டின் என்ற பூஞ்சண எதிர்ப்பு மருந்து, கீமோ சிகிச்சையால் வாய் வெந்துபோகும் நோயாளிகளுக்கு இன்றும் உதவுகிறது. அதில் தமக்குக் கிடைத்த பல மில்லியன் டொலர் உரிமைப் பணத்தை அவர்கள் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். இரண்டு பெண்கள், சில போத்தல்கள், ஒரு தபால் சேவை. தொடங்குவதற்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

நமது நாடு நாளைக்கே புற்றுநோய் மருந்து செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அத்தியாவசிய மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்ததை நாம் பார்த்தோம். டொலர் இல்லாவிட்டால் மருந்தில்லை என்ற நிலை எவ்வளவு பயங்கரமானது என்பது நோயாளி இருந்த வீடுகளுக்குத் தெரியும். குறைந்தது, இறக்குமதியாகும் மருந்தின் தரத்தை இங்கேயே சோதிக்கவும் நமது மண்ணில் என்ன இருக்கிறது என்று தேடவும் நமக்கு ஆட்கள் வேண்டும். பசுபிக் சமுத்திரத்தின் ஈஸ்டர் தீவில் 1964 இல் வெளிநாட்டவர் எடுத்துச் சென்ற மண்ணிலிருந்து ரபமைசின் பிறந்தது. அதன் வழிவந்த மருந்துகள் இன்று சிறுநீரகப் புற்றுநோய்க்குப் பயன்படுகின்றன. மருந்துக்குத் தன் பெயரைக் கொடுத்த அந்தத் தீவு, அதன் ஆராய்ச்சியில் பங்காளியாக இருக்கவில்லை. சிங்கராஜவின் மண்ணும் புத்தளத்து உப்பளமும் மட்டக்களப்புக் கண்டல் சேறும் நம்முடையவை. அவற்றைப் படிக்கிறவர்களும் நம்மவர்களாக இருக்க வேண்டாமா?

மாமியின் சிகிச்சை இப்போது முடிந்துவிட்டது. முடி அரை அங்குலம் முளைத்திருக்கிறது. அந்த ஏழு வாரங்கள் இல்லாதிருந்தால் சிகிச்சை இவ்வளவு நீண்டிருக்காது என்று டொக்டர் சொன்னதை அவர் யாரிடமும் மறைப்பதில்லை. போன மாதம் முதல் மழை பெய்தபோது அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். இந்த வாசத்தைத் தரும் உயிரின் சொந்தக்காரன்தான் உங்கள் சிவப்பு மருந்தையும் தந்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்து, "இத அப்பவே ஒருத்தர் வந்து செல்லியிருந்தா நான் போயிருப்பேனே மகள்" என்றார்.

அந்த ஒருத்தராக இருப்பதற்குத்தான் நாம் படிக்கிறோம்.