கிட்னி கேன்சருக்குப் புது மருந்து வந்தாச்சு... உங்க பாலிசியில் அதுக்கு இடம் இருக்கா?

போன மாசம் சிதம்பரத்திலிருந்து ஒரு தம்பி கடலூரில் நம்ம ஆபீசுக்கு வந்தார். ஐடி வேலை, நல்ல சம்பளம். அப்பாவுக்கு கிட்னி கேன்சர், நுரையீரல் வரைக்கும் பரவிடுச்சு. "சார், பி.எஃப்-ல எவ்வளவு எடுக்கலாம்?"னு கேட்டார்.

"கம்பெனி பாலிசியில 5 லட்சம் கவர் இருக்கே?"ன்னேன். பாலிசியைத் திறந்து காட்டினார். இம்யூனோதெரபிக்கு 1 லட்சம்தான் லிமிட். தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்ட சீட்டை எடுத்துதான் சிகிச்சையைத் தொடங்கினார்.

பரவிய கிட்னி கேன்சருக்கு வழக்கமான கீமோ பெரிசா வேலை செய்யாது. அமெரிக்காவில் 2005-ல் சோராஃபெனிப், 2006-ல் சுனிடினிப் மாத்திரைகளுக்கு அனுமதி கிடைத்தது. 2015-ல் நிவோலுமாப் ஊசி. மருந்து வந்தது சரி, விலை? சோராஃபெனிப் நம்ம நாட்டில் அப்போ மாசத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாயா இருந்தது. 2012 மார்ச்சில் இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் நாட்கோ நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. அதே மருந்துக்கு 8,880 ரூபாய்னு விலை வைத்தார்கள். பேயர் நிறுவனம் அப்பீல் போயும் உரிமம் நின்றது.

ஆனா ஒவ்வொரு மருந்துக்கும் இப்படி நடக்கும்னு காத்திருக்க முடியாது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும். சம்பளக்காரர்களில் பலருக்கு அதுவும் கிடைக்காது. அதனால என் கருத்து இதுதான்: எஸ்ஐபி-க்கு முன்னாடி, அப்பா அம்மாவுக்கும் சேர்த்து சொந்த பாலிசி.

வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க.

1. இம்யூனோதெரபி, ஓரல் கீமோ இரண்டையும் கவர் பண்ணணும்னு ஐஆர்டிஏஐ 2019-லேயே சொல்லிடுச்சு. ஆனா சப்-லிமிட் வைக்க கம்பெனிக்கு இடம் உண்டு. சம் இன்சூர்டை மட்டும் பார்க்காதீங்க, இந்த வரியையும் தேடுங்க.

2. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 3 வருஷம். அந்தக் கடிகாரம் நீங்க பாலிசி எடுத்த அன்னைக்குத்தான் ஓட ஆரம்பிக்கும்.

3. தனிநபர் பாலிசி பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. "18% வரி கட்டணுமே"ங்கற சாக்கு இனி செல்லாது.

வரிச் சலுகையை நம்பியும் இருக்காதீங்க. புது வரி முறையில் மருத்துவச் செலவுக்குக் கழிவு இல்லை.

அந்தத் தம்பி கிளம்பும்போது சொன்னார்: "சேரும்போதே எச்.ஆர். மெயில் அனுப்பினாங்க சார், நான்தான் திறந்தே பார்க்கல." உங்க மெயிலிலும் அது கிடக்கும். இன்னைக்கு ராத்திரியே திறந்து பாருங்க.